ஏறும் காற்று வேறு, இறங்கும் காற்று வேறு

அமெரிக்காவின் லஃபாயெட் மலையில், குளிர்காலத்தில் ஏறும்போது மரங்கள் முடியும் இடத்துக்கு வந்ததும், என்னோடு வருகிறவர்களை ஒரு காரியம் செய்யச் சொல்வேன். குளிருக்கான எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கடைசிக் குட்டைப் புதரைத் தாண்டி ஐம்பது அடி வெளியே நடக்க வேண்டும். அங்கே நின்று, வந்த வழியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். பேச்சும் படம் எடுப்பதும் கூடாது.

பெரும்பாலும் முதல் அரை நிமிடத்திலேயே முகம் மாறிவிடும். "காற்று ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் அப்போதுதான் காற்றைச் சந்திக்கிறார்கள். பாதை மேற்கிலிருந்து ஏறுகிறது. குளிர்காலக் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோதான் வருகிறது. ஏறும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொடுக்கும். பையின் சுமைகூடக் குறைந்த மாதிரி இருக்கும். உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும். அதற்குள் உடல் களைத்திருக்கும், முதுகு வியர்வை குளிர்ந்திருக்கும், பொழுதும் சாயத் தொடங்கியிருக்கும். மேலே போகலாமா என்பதை இறங்கும்போது சந்திக்கப்போகும் காற்றை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. ஒரு கையுறையைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான் சென்னிமலைக்காரி. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நாஷுவாவில் பதினாறு ஆண்டுகளாக வசிக்கிறேன். கணக்கு எழுதும் வேலை. பதினோரு குளிர்காலங்களாக ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளில் நடக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் இந்த மலைகளின் உயரத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே மிக உயரமான வாஷிங்டன் மலை 1,917 மீட்டர்தான். நம் ஊட்டி நகரமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. லஃபாயெட் 1,603 மீட்டர், ஏற்காட்டைவிடச் சற்றே அதிகம். ஆனால் ஏற்காட்டில் காப்பி விளைகிறது. இங்கே அந்த உயரத்தை எட்டுவதற்கு முன்பே, ஏறத்தாழ 1,300, 1,400 மீட்டரிலேயே மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் பாறை, பாசி, பனி, காற்று.

உயரத்தை விட்டுவிட்டு அட்சரேகையைப் பாருங்கள். 44 பாகை வடக்கு. கண்டத்தின் குறுக்கே வரும் புயல்களும் அட்லாண்டிக் கரையோரமாக ஏறிவரும் புயல்களும் இந்தப் பக்கத்தில்தான் வந்து சேருகின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இந்தத் தொடர்கள் குறுக்குச் சுவர். சுவரைத் தாண்டும்போது காற்று நெருக்குண்டு வேகம் கூடுகிறது. வாஷிங்டன் உச்சியில் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கி வேலைசெய்யும் வானிலை ஆய்வகம் ஒன்று உண்டு. 1934 ஏப்ரல் 12 அன்று அங்கே மணிக்கு 231 மைல், அதாவது 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அளக்கப்பட்டது. 1996இல் ஆஸ்திரேலியப் புயல் ஒன்று முறியடிக்கும்வரை அதுவே உலகச் சாதனை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அதே உச்சியில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரி செல்சியஸ். காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தோலுக்கு மைனஸ் 78. அந்த வாரம் நான் வீட்டில் அடை சுட்டுக்கொண்டிருந்தேன். மலையேற்றத்தில் நான் செய்த மிகச் சரியான காரியங்களில் அது ஒன்று.

இனி, வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் சனிக்கிழமை நடை வெள்ளிக்கிழமை மாலைதான் தொடங்குகிறது.

கைபேசியில் வரும் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அது அடிவாரத்து நகரத்துக்கானது. அந்த உச்சி ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. வெள்ளி இரவு ஒருமுறை, சனி அதிகாலை காரில் ஏறும் முன் இன்னொருமுறை படியுங்கள். முதலில் காற்றின் வேகம், பிறகு திடீர் வீச்சுகளின் வேகம், பிறகு வெப்பநிலை, கடைசியாக மேகம் என்ற வரிசையில் நான் பார்ப்பேன். புதியவர்கள் வெப்பநிலையை முதலில் பார்க்கிறார்கள். மைனஸ் 18 டிகிரி, காற்றில்லாத நாள் என்றால் அது இனிமையான நாள். அதே மைனஸ் 18இல் மணிக்கு 64 கிலோமீட்டர், அதாவது 40 மைல் காற்று சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 34. மூடாத கன்னம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உறையத் தொடங்கிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாற்பது மைல் காற்றில் சாய்ந்து நடக்கலாம். அறுபது மைல் வீச்சில் ஒரு காலைத் தூக்கும்போது மறுகால் இடம் மாறிவிடும். எண்பதில் தவழ வேண்டியிருக்கும்.

எண்களைவிட முக்கியமானது அவை போகும் திசை. "பிற்பகலில் காற்று வலுக்கும்", "மாலை குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) கடக்கும்" என்ற மாதிரி வரி கண்ணில் பட்டால், காலை எட்டு மணிக்கு இருக்கும் இதமான காற்று வெறும் தூண்டில்புழு. இறங்கும் நேரத்துக்குரிய எண் எதுவோ அதை வைத்தே என் முடிவு. என் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். திடீர் வீச்சு மணிக்கு 50 மைலைத் தாண்டினால், அல்லது காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 29 செல்சியஸுக்குக் கீழே போனால், மர எல்லைக்கு மேலே போவதில்லை. முதல் இரண்டு குளிர்காலத்தில் இருப்பவர்கள் 35 மைலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். லஃபாயெட் வாஷிங்டனைவிட ஆயிரம் அடி தாழ்வு என்பதால் அங்கே காற்று கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்தச் சலுகையை நான் கணக்கில் எடுப்பதில்லை. கணக்குப்பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு: வரவைக் குறைத்து எழுது, செலவைக் கூட்டி எழுது.

அடுத்தது உடை. இதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. என் அப்பா தறிக்காரர். பருத்திப் போர்வை நெய்துதான் எங்களைப் படிக்கவைத்தார். குளிர்கால மலையில் பருத்திக்கு இடமில்லை என்று முதலில் கேட்டபோது யாரோ அப்பாவைத் திட்டிய மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்துவைத்து, மெல்ல உலர்ந்து, உலரும்போது உடம்பைக் குளிர்விக்கிறது. ஈரோட்டு வெயிலில் அது வரம். மைனஸ் இருபதில் அதே குணம் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே ஜீன்ஸ் கூடாது, பனியன் கூடாது, உள்ளாடைகூடப் பருத்தியில் கூடாது. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. அதன்மேல் ஃப்லீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணிச் சட்டை, மெல்லியதாக. அதற்கு வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலங்கி. பருமனான இறகு ஜாக்கெட் பையில் இருக்கட்டும். அது நிற்கும்போது போட்டுக்கொள்வதற்கு. நடக்கும்போது போட்டால் உள்ளேயே நனைத்துவிடுவீர்கள்.

வெப்பநாட்டிலிருந்து வந்த நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். காரை விட்டு இறங்கியதும் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறோம். பழைய பிரைடில் பாதை வழியாக லஃபாயெட் ஏறினால் உச்சிவரை 6.4 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் ஏறத்தாழ ஆயிரத்து எழுபது மீட்டர். இருபது நிமிடத்தில் குளித்த மாதிரி ஆகிவிடும். அந்த ஈரம் மர எல்லைக்கு மேலே உங்களோடு வரும். கார் நிறுத்துமிடத்தில் லேசாக நடுங்குகிற உடையில் கிளம்புவதே சரி. என் அம்மா போனில் "ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?" என்று கேட்பார். "இருக்கிறது அம்மா" என்பேன். பையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு நடக்கிற வேகமே சரியான வேகம். வியர்க்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

தலைக்கு நம் குரங்குக் குல்லாவின் உறவினன் ஒன்று இங்கே கிடைக்கிறது, மூக்குவரை மூடும் மெல்லிய முகமூடி. ஊட்டி பஸ்ஸில் அதைப் போட்டவர்களைக் கேலிசெய்ததற்கெல்லாம் சேர்த்து நான் இப்போது அனுபவிக்கிறேன். அதன்மேல் பனிச்சறுக்குக்காரர்கள் போடும் பெரிய கண்காப்பு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேலேயே போடும் அளவுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதை ஒருபோதும் நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள். நெற்றி ஆவி உள்ளே படிந்து நொடியில் உறைந்துவிடும். பிறகு சுரண்டினாலும் போகாது. கழற்றினால் ஜாக்கெட்டுக்குள், இல்லாவிட்டால் கண்ணில். மூன்றாவது இடம் அதற்குக் கிடையாது.

காலுக்கு உள்ளே கம்பளி வேய்ந்த குளிர்கால பூட்ஸ். கெட்டிப்பட்ட பனியில் மைக்ரோஸ்பைக் என்ற சிறு முள்சங்கிலி போதும். புதுப்பனி ஆழமாகக் கிடந்தால், அமிழாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகன்ற ஸ்னோஷூ. மேலே வெறும் பனிக்கட்டி என்றால் நீள முள்ளுள்ள கிராம்பான். எதை எப்போது என்பது நாலைந்து நடையில் பிடிபடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஆழ்பனியில் பாதையைவிட்டு ஓரமாக ஸ்ப்ரூஸ் மரத்தடிக்குப் போகாதீர்கள். கிளைகளுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். மேலே பனி கூரை போட்டிருக்கும். இடுப்புவரை இறங்கிவிட்டால், ஸ்னோஷூ கிளையில் மாட்டிக்கொள்ள, மேலே வர அரைமணி நேரம் ஆகும்.

இப்போது கைகள். கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

என் முதல் குளிர்காலத்தில் ஒரு பிப்ரவரி ஞாயிறு. என்னை மலைக்குப் பழக்கியவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். அவரும் நானும் லஃபாயெட் ஏறினோம். முதுகில் காற்று, தலைக்கு மேல் நீலம். உச்சியில் பழைய கட்டடம் ஒன்றின் கல் அடித்தளம் மிச்சம் இருக்கிறது; அதன் மறைவில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். இவ்வளவுதானா குளிர்காலம் என்று நினைத்தேன். எழுந்து மேற்கே திரும்பியபோது முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி பனித்துகள். பத்தடி நடப்பதற்குள் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அப்போது கண்காப்பு என்னிடம் இல்லை. கண்ணாடியைத் துடைக்க வலதுகை மிட்டனைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினேன். மிட்டன் என்றால் நான்கு விரலும் ஒரே அறையில் இருக்கும் கையுறை. கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கினேன், கக்கம் தளர்ந்தது. மிட்டன் விழவே இல்லை. பறந்தது. கிழக்கே, பெமிஜிவாசெட் காட்டின் பக்கமாக, ஒரு காகம் போகிற வேகத்தில் போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மெல்லிய உள்ளுறை மட்டும் இருந்த அந்தக் கையில் முதலில் எரிச்சல், பிறகு வலி, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் பயங்கரம். ஜாக்கெட் பையின் ஜிப்பைப் பிடிக்கப் பார்த்தேன். விரல்கள் அதன்மேல் பட்டன, ஆனால் பிடிக்கவில்லை. யாருடைய விரல்களோ போல இருந்தன. தபால்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தன் மேலங்கிக்குள்ளிருந்து, வயிற்றோடு ஒட்டிவைத்திருந்த மிட்டன் ஒன்றை எடுத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல என் கையில் மாட்டினார். கீழே, மலையேறுகிறவர்கள் தங்கும் கிரீன்லீஃப் குடில்வரை 1.8 கிலோமீட்டர்தான். இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. குடில் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், அதன் சுவர் மறைவில் நின்று, "ஏறும்போது ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நிமிடச் சோதனை அன்று பிறந்தது.

ஆகவே, மெல்லிய உள்ளுறை, அதன்மேல் கனமான மிட்டன், அதன்மேல் காற்று புகாத மேலுறை. மாற்று மிட்டன் ஒரு ஜோடி ஜாக்கெட்டுக்குள்ளே, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்; பையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். எல்லா மிட்டனிலும் மணிக்கட்டில் மாட்டும் கயிறு தைத்துவிடுங்கள். குழந்தைத்தனமாக இருக்கும்தான், அரைஞாண் கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், போட்டது தெரியாமல் கிடக்கும். எல்லா ஜிப்பிலும் விரல் நுழையும் அளவு நாடா கட்டுங்கள். பிறகு வீட்டில் ஒத்திகை பாருங்கள். நான் மிட்டனைப் போட்டுக்கொண்டு சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து பழகினேன். அது திறந்தால் மலையில் எதுவும் திறக்கும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் உள்ள எதுவும் உறையும். வாழைப்பழம் கட்டையாகிவிடும், சாண்ட்விச் செங்கல். கடலைமிட்டாய் நல்ல தீனி. ஆனால் மைனஸ் இருபதில் பல்லை உடைக்கும், வீட்டிலேயே சுண்டு விரல் நகம் அளவுக்கு உடைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் எந்தக் குளிரிலும் அப்படியே இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் எண்ணம் வேண்டாம். நடந்துகொண்டே, அரைமணிக்கு ஒருவாய். தண்ணீர்க் குப்பியைக் கம்பளிக் காலுறையில் போட்டுத் தலைகீழாக வையுங்கள். பனி மேல்பக்கத்திலிருந்துதான் பிடிக்கும். தலைகீழாக இருந்தால் மூடி உறையாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பை இங்கே உதவாது, குழாய்தான் முதலில் அடைத்துக்கொள்ளும். ஃபிளாஸ்கில் நான் கொண்டுபோவது மிளகு ரசம். சூடு, உப்பு, காரம் மூன்றும் ஒரே மடக்கில். தபால்காரர் முதல்முறை குடித்துவிட்டு இருமியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வாரம் அவரே கேட்டு வாங்கினார்.

நேரக் கணக்கு: இங்கே மலைக்காரர்கள் ஒரு மைலுக்கு அரைமணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னோர் அரைமணி என்று போடுவார்கள். லஃபாயெட்டுக்கு மூன்றே முக்கால் மணி வரும். குளிர்காலத்தில் நான் ஐந்து போடுகிறேன். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆகவே எங்கே இருந்தாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பல். தலைவிளக்கு ஆளுக்கொன்று, லித்தியம் மின்கலத்தோடு. கைபேசி நெஞ்சுச் சட்டைக்குள். வெளியே எடுத்தால் 60 சதவீதத்தில் இருக்கும்போதே அணைந்துவிடும்.

இனி மர எல்லை. கிரீன்லீஃப் குடிலைத் தாண்டி, ஈகிள் லேக் என்ற சிறு குட்டையின் ஓரமாகப் பாதை போய், ஆளுயர ஃபிர் மரங்கள் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, பிறகு இல்லாமல் போகும். உடை மாற்ற வேண்டியது அந்த ஆளுயர மரங்களுக்குள்ளே. நனைந்த உள்சட்டையை இங்கே மாற்றுவது அரை நிமிடச் சித்திரவதை, செய்துவிடுங்கள். மேலங்கி, முகமூடி, கண்காப்பு, மிட்டன் எல்லாம் இங்கேயே. வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெளியே பையைத் திறந்ததும் பாதிச் சாமான் மிட்டன் போன வழியில் போகும். ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்து, தோல் எங்கும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஐம்பது அடி, இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று விஷயத்தைக் கவனிக்கிறேன். கண் திறந்திருக்க முடிகிறதா? காலை அகட்டாமல் நேராக நிற்க முடிகிறதா? விரல் நுனிகள் இன்னும் தெரிகின்றனவா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் திரும்பிவிட வேண்டியதுதான். மூன்றும் ஆம் என்றால், முன்னறிவிப்பின் பிற்பகல் எண்ணை மனதில் கூட்டிக்கொண்டு இன்னொருமுறை யோசிப்பேன். வாஷிங்டன் மலை இருக்கும் பிரசிடென்ஷியல் தொடரின் பாதைகளில் வன இலாகா மஞ்சள் பலகை வைத்திருக்கிறது: இதற்கு மேல் அமெரிக்காவின் மிக மோசமான வானிலை, கோடையில்கூடப் பலர் இறந்திருக்கிறார்கள், வானிலை மோசமென்றால் இப்போதே திரும்பு என்கிற பொருளில். அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டு மேலே போகிறவர்களை வாரம்தோறும் பார்க்கலாம்.

மேலே போனால் மேகம் உங்களை மூடலாம். வெள்ளைத் தரை, வெள்ளை ஆகாயம், நடுவில் கோடு இல்லை. கற்குவியல்களே வழிகாட்டி, ஆனால் உறைபனி அவற்றை ஒட்டிப் பிடித்து, எல்லாம் ஒரே வெள்ளைக் குமிழாகிவிடும். அடுத்த குவியல் தெரிந்தால் மட்டும் இந்தக் குவியலை விடுங்கள். தெரியாவிட்டால் ஒருவர் குவியலருகே நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரம்வரை தேட வேண்டும். லஃபாயெட் உச்சியில் மூன்று பாதைகள் பிரிகின்றன: தெற்கே முகட்டுப் பாதை, வடக்கே கார்ஃபீல்டு மலைக்கு, மேற்கே குடிலுக்கு. உச்சியில் நின்று திசைகாட்டியை எடுத்து மேற்கை உறுதி செய்யாமல் ஓர் அடி வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து கணிசமாக மேற்கே விலகியிருக்கிறது. அந்தத் திருத்தத்தை வீட்டிலேயே திசைகாட்டியில் வைத்துவிடுங்கள். நான் திசை எண்களைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஊன்றுகோலில் ஒட்டிவைத்திருக்கிறேன். காற்றில் வரைபடத்தை விரிப்பவர் வரைபடத்தை இழப்பவர்.

இங்கேயும் அதே காற்றுக் கணக்குதான். முகத்தில் அடிக்கும் காற்றிலிருந்து ஒதுங்கத்தான் உடம்பு விரும்பும். நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டே நாம் காற்று தள்ளும் பக்கம் சாய்ந்து சாய்ந்து போவோம். லஃபாயெட்டில் காற்று தள்ளும் பக்கம் கிழக்கு. கிழக்கே சாலை இல்லை, வீடு இல்லை, பெமிஜிவாசெட் பெருங்காடு. நெடுஞ்சாலையும் உங்கள் காரும் காற்று வருகிற பக்கத்தில் இருக்கின்றன. நடை எப்போது சுகமாகிவிட்டதோ, அப்போது நின்று திசைகாட்டியைப் பாருங்கள்.

கூட வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உடம்பின் உள்சூடு குறையத் தொடங்கியவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். கால் தடுக்கும், பேச்சு குழறும், கையிலிருப்பது நழுவும், காரணமில்லாமல் எரிந்துவிழுவார். வாய் ஓயாதவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏழாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்லச் சொல்வேன். திட்டிக்கொண்டே சொன்னால் நலம். "எதற்கு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நின்றுவிட்டால் அங்கேயே நடை முடிந்தது: இறகு ஜாக்கெட்டை மாட்டி, இனிப்பும் சூடும் கொடுத்து, நடக்க முடிகிறபோதே மரங்களுக்குள் இறக்கிவிட வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறியதற்கு அடையாளம் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது.

உறைகாயத்தைப் பற்றி ஒன்று. இங்கே கையேடுகளெல்லாம் "வெள்ளைத் திட்டு" என்று எழுதுகின்றன. நம் நிறத்தில் அது அவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு தடவிய மாதிரி இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல் தொட்டுக் கேளுங்கள். உணர்ச்சி இல்லை, தோல் விறைப்பு என்றால் வெறும் உள்ளங்கையை வைத்து மூடிச் சூடேற்றுங்கள். தேய்க்கக் கூடாது, பனியைக் கொண்டு தேய்ப்பது இன்னும் கெடுதல். ஆழமாக உறைந்த விரலை, மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் இளக்கவும் கூடாது.

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஏறாதீர்கள். இங்கே மீட்புப் பணியை மாநில மீன்-வனவிலங்குத் துறை அதிகாரிகளும் தன்னார்வலர்களும் செய்கிறார்கள். அவர்களும் அதே பாதையில், அதே காற்றில், நடந்துதான் வர வேண்டும். 2015 பிப்ரவரியில் அதே பிரசிடென்ஷியல் தொடரின் மேடிசன், ஆடம்ஸ் மலைகளுக்கு இடையே தனியாகப் போன ஓர் இளம்பெண், நல்ல உடல்வலு உள்ளவர், அவசரக் கருவியை இயக்கினார். அது அனுப்பிய இடக்குறிப்புகள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. இரவிலும் தேடினார்கள். மறுநாள் உடல்தான் கிடைத்தது. கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதோடு குழுவுக்கு ஒரு தூக்கப்பையும் தரையில் விரிக்கும் தடித்த நுரைப்பாயும் கொண்டுபோகிறோம். கணுக்கால் பிசகினால் ஆறேழு மணி நேரம் அசையாமல் கிடக்க அவைதான் உதவும். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மாலை ஆறு தாண்டினால் என் கணவர் அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பார்.

போன ஜனவரியில் என் சித்தி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வண்டலூரில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன். குடிலிலிருந்து பார்த்தால் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிற்பகல் வீச்சு 60 மைல் என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்ததால் மர எல்லையோடு திரும்பல் என்றுதான் அழைத்துப்போயிருந்தேன். "அதோ தெரிகிறதே அக்கா, ஒரு மணி நேரம்கூட ஆகாது" என்றான். "போகலாம். முதலில் போய்த் திரும்பி நில்" என்றேன்.

போனான். திரும்பினான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பதாவது நொடியில் ஒரு கால் பின்னால் போயிற்று. எழுபதாவது நொடியில் கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு என் பக்கமாக நடந்து வந்தான். கண்காப்பின் ஓரத்தில் இமைமயிர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனே பையின் இடுப்புவாரை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினான். குடிலின் மறைவில் ரசம் குடித்தோம். அப்போது எங்களைத் தாண்டி இரண்டு பேர் மேலே போனார்கள். அவர்கள் பையின் நாடாக்கள் காற்றில் படபடத்தது கொஞ்ச நேரம் கேட்டது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மணி 2:15. அங்கே காற்றே இல்லை, வெயில் அடித்தது. கைபேசியை உள்சட்டையிலிருந்து எடுத்துக் கணவரிடம் பேசினேன். இறங்கிவிட்டோம் என்றேன். உச்சியைப் பற்றி அவர் கேட்கவில்லை. தம்பி எத்தனை தோசை சாப்பிடுவான் என்று கேட்டார்.